முறைப்பாட்டை முதல் இரவே எழுதுங்கள்

யாழ்ப்பாண மாவட்டப் பொலிஸ் நிலையங்களின் பொறுப்பதிகாரிகளுக்கும், இரவுக் கடமையில் முறைப்பாட்டு மேசையில் இருக்கும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

பங்குனி மாதத்து இரவொன்றில், பதினொன்றரை மணிபோல, மகளை அம்மாவோடு விட்டுவிட்டு, தெரிந்த தம்பி ஒருவரின் ஓட்டோவில், பக்கத்து வீட்டு ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றி முறைப்பாடு சொல்ல உங்கள் நிலையங்களில் ஒன்றுக்கு வந்தேன். எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. ஒரு நிலையத்தைக் குறை சொல்ல இந்த மடலை நான் எழுதவில்லை. மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். கதிரை தந்தார், நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "பக்கத்து வீட்டுக்காரர்தானே அம்மா, காலமை கதைச்சுத் தீருங்கோ. இல்லாட்டி வீட்டில ஆம்பிளையள் ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். புத்தகம் அவருக்கு முன்னால் திறந்தே கிடந்தது. பேனை அதன் நடுவில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

என் கணவர் இறந்து ஒன்பது வருடம். கூட்டிக்கொண்டு வர வீட்டில் ஆம்பிளை இல்லை. இருந்திருந்தாலும், என் முறைப்பாட்டை நான் சொல்வதற்கு ஏன் இன்னொருவர் வேண்டும்?

எங்கள் வீடு நல்லூர் பிரதேச சபை எல்லைக்குள், ஓர் ஒழுங்கையின் கடைசி வளவு. நான் வீட்டில் இருந்து தையல் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு 84 வயது. பாரிசவாதம் வந்ததில் இருந்து வலப்பக்கம் ஏலாது. மகள் உயர்தரம் படிக்கிறாள். பக்கத்து வளவுக்கு மூன்று வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் வந்தது. அவர் கலியாண வீடு, சாமத்திய வீடு, திருவிழா என்று சவுண்ட்ஸ் கொடுக்கிற தொழில் செய்கிறவர். இரவு நிகழ்ச்சி முடிந்து வந்து, வாகனத்தில் இருந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். கூட வேலை செய்கிற பெடியள் நிற்பார்கள், போத்தலும் வரும். சோதிப்பதற்காகப் போட்ட பாட்டு சாமம் ஒரு மணிவரை போகும்.

பாட்டு என்று எழுதிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டுக்குள் பாட்டு வராது. சொல்லும் வராது, ராகமும் வராது. பேஸ் பெட்டியின் இடி மட்டும் மதிலையும் சுவரையும் தாண்டி வரும். அலுமாரிக்குள் இருக்கிற தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். தையல் வெட்டில் மிஞ்சிய துணித்துண்டுகளைக் கோப்பைகளுக்கு இடையில் செருகி வைத்தேன். கிணுகிணுப்பு நின்றது. அம்மாவுக்கு அப்படிச் செருக என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "பங்கருக்குப் போவமோ பிள்ளை?" என்று கேட்பார். சண்டைக்காலத்துப் பங்கரை மூடி அதன்மேல் எலுமிச்சை நட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. "இது பாட்டம்மா, பாட்டு" என்று நான் சொல்வேன். நம்பமாட்டார்.

'கதைச்சுத் தீருங்கோ' என்று நீங்கள் சொல்வதை நாங்கள் உங்களிடம் வருவதற்கு முன்னமே செய்துவிட்டோம். அதை உங்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்றுதான் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் அயலைப் பற்றிப் பொலிசுக்குப் போவது சின்ன விஷயமா? 'பொலிசுக்குப் போன வீடு' என்ற பேச்சு பிறகு மகளின் கலியாணம்வரை வரும். அதற்குப் பயந்து எத்தனை பேர் ஜன்னலைப் பூட்டிக்கொண்டு படுக்கிறார்கள். நான் முதலில் படலையில் நின்று, "தம்பி, அம்மாவுக்கு ஏலாது, பத்து மணிக்குப் பிறகு கொஞ்சம் குறைச்சுவிடுங்கோ" என்று கேட்டேன். அன்றைக்குக் குறைத்தார். அடுத்த கிழமை கேட்டபோது பெடியள் நின்றார்கள், அவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது முறை, "என்ர வளவுக்க நான் என்னத்தையும் செய்வன். கரைச்சலெண்டா நீங்கள் வித்துப்போட்டுப் போங்கோ" என்றார். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) சொன்னேன். அவரும் வந்து சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஓட்டோவைக் கூப்பிட்டேன்.

அன்றிரவு நான் வெறுங்கையோடு திரும்பியதைப் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு அங்கால் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் காலை, "பொலிசுக்குப் போனீங்களாம். என்னவாம்?" என்று கேட்டார். ஒரு முறைப்பாடு எழுதப்படாமல் விட்டால் முறைப்பாடு கொண்டுவந்தவர் மட்டும் ஒன்றைப் படிப்பதில்லை. எதிர்ப்பக்கமும் படிக்கிறது. இவள் போனாலும் ஒன்றும் நடக்காது என்பதை அவர் அன்றைக்குப் படித்துக்கொண்டார்.

எனக்குச் சட்டம் தெரியாது. சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் ஓர் இளம் சட்டத்தரணி பொறுமையாக இருந்து விளங்கப்படுத்தினார். (1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணைக்குழு அது. வசதியில்லாதவர்களிடம் காசு வாங்காமல் உதவுகிறார்கள். இது தெரியாமல் நகையை அடகு வைக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.) அவர் சொன்னவற்றில் பாதி உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்க வேண்டியவை. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி ஒலிபெருக்கி பாவிக்க உங்களிடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். 2007இல் தலைமை நீதியரசர் சரத் என். சில்வா இருந்த உயர் நீதிமன்ற அமர்வு, ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிய அடிப்படை உரிமை வழக்கொன்றில், இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணிவரைக்கும் அந்த அனுமதியைக் கொடுக்கக்கூடாது என்று பணித்தது. விசேட வைபவங்களுக்கு விலக்கு உண்டு. அதற்கும் அயலில் இருப்பவர்களுக்குத் தொல்லையாகுமா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அனுமதி கேட்டு மேசைக்கு வருகிறவருக்கே இல்லாத நேரம், கேளாமலே போடுகிறவருக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்றும் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 1996 மே மாதத்தில் சத்தத்துக்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் பகலில் 63, இரவில் 50. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றைச் சுற்றி 100 மீற்றருக்குள் பகலில் இன்னும் இறுக்கம். இந்த விதிகளுக்கு இரவு தொடங்குவது மாலை 6 மணிக்கு. இரண்டு பேர் திண்ணையில் இருந்து சாதாரணமாகக் கதைப்பதே 60 டெசிபலுக்குக் கிட்ட வரும் என்றால் 45 எவ்வளவு அமைதி என்று யோசித்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் நான் இறக்கி வைத்திருந்த செயலியைச் சட்டத்தரணிக்குக் காட்டினேன். அந்த எண்ணை நம்பி வழக்குப் போக முடியாது, முறையான அளவுமானி வேண்டும், அது மத்திய சுற்றாடல் அதிகாரசபையாரின் வேலை என்றார். சரி. ஆனால் சாமத்தில் போடுகிற ஒலிபெருக்கிக்கு மானி எதற்கு? உங்கள் உத்தியோகத்தரின் கையில் கட்டியிருக்கிற மணிக்கூடு போதும்.

சட்டத்தரணி எனக்குச் சொல்லித்தந்த மற்றது, எழுதி வைக்கிற பழக்கம். அன்றே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அன்றைக்கு அம்மா எப்படி இருந்தார், யார் வீட்டில் இருந்தார்கள். கோபமாக ஒரு சொல்லும் எழுதக்கூடாது, கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும் என்றார். அது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். சித்திரை 3ஆம் திகதி தையல் கொட்டிலின் தகரத்தில் இரண்டு கல் விழுந்தது. யார் எறிந்தார் என்று நான் காணவில்லை. அதனால் கொப்பியில் 'கல் விழுந்தது' என்றுதான் இருக்கிறது.

பிறகு கிணறு.

எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் ஒரே கிணறு. அது அவர்கள் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் தெளிவாக எழுதியிருக்கிறது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணி அது. அந்த நாளில் இருந்து வேலியில் ஓர் ஆள் போகிற அளவுக்குக் கடப்பு விட்டிருந்தோம். ஒரு நாள் காலை வாளியோடு போனால் கடப்பு இல்லை. நான்கு கதியால் நட்டு, குறுக்கே தகரம் அடித்திருந்தது. என் மோட்டர் குழாயின் மறுநுனி எங்கள் பக்கத்தில் மண்ணில் கிடந்தது. குடாநாட்டில் கிணறு இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படுக்கையில் இருக்கிற ஒருவரை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவித் துடைக்க வேண்டும்? ஒழுங்கை முகப்பு வீட்டு அக்கா தன் கிணற்றைத் திறந்துவிட்டார். பதினாறு நாள் அங்கே இருந்து வாளியில் தண்ணீர் சுமந்தோம். மகள் பாடசாலைக்குப் போக முன்னம் ஆறு வாளி, வந்த பிறகு ஆறு வாளி.

சத்தத்தில் தொடங்கியது தண்ணீரில் வந்து நின்றது. முதல் இரவே ஒரு வரி எழுதி, ஜீப்பில் இரண்டு பேர் ஒருக்கால் ஒழுங்கைக்குள் வந்து போயிருந்தால், அந்தக் கதியால்கள் நடப்பட்டிருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டாவது தரம் வந்தபோது முறைப்பாட்டை எழுதினார்கள். ஆனால் சிங்களத்தில் எழுதி, கையெழுத்தை மட்டும் என்னிடம் கேட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "நீங்கள் சொன்னதுதான்" என்றார் ஒருவர். நான் சொன்னதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். தமிழில் எழுதச் சொன்னதும் முகங்கள் மாறின. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். ஒன்றே முக்கால் மணித்தியாலம் காத்திருந்தேன். அவர் வந்ததும் பத்து நிமிடத்தில் அழகாக எழுதித் தந்தார். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவர் எழுதிய அந்த வாக்குமூலம்தான் பிறகு எல்லா இடத்திலும் எனக்குக் கைகொடுத்தது.

ஆனால் விசாரணைக்கு இரண்டு பக்கத்தையும் கூப்பிட்ட அன்று, இன்னொரு உத்தியோகத்தர் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, "இனியும் சண்டை பிடிச்சால் இரண்டு பேரையும் 81இல் கோட்டுக்கு அனுப்புவன்" என்றார். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 81ஆம் பிரிவைத்தான் சொன்னார். அமைதியைக் குலைக்கக் கூடியவர் என்று தகவல் கிடைத்தால், ஏன் உன்னைப் பிணைமுறி எழுத வைக்கக்கூடாது என்று நீதவான் அந்த ஆளிடம் கேட்கிற பிரிவு. நல்ல பிரிவுதான். அது பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்தும். எனக்கு எப்படிப் பொருந்தியது? நான் கல் எறியவில்லை, கடப்பை அடைக்கவில்லை, தூஷணத்தால் ஏசவில்லை. நான் செய்த ஒரே காரியம் உங்களிடம் வந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே தட்டில் வைப்பது பக்கம் சாராமை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வாக்குமூலங்களை எடுத்து, இடத்தைப் போய்ப் பார்த்து, அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பிழை என்று கண்டால் இருவரையும் அனுப்புங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பார்க்காமல் அனுப்புவேன் என்று சொல்வது, முறைப்பாடு கொண்டுவருகிறவரைப் பயப்படுத்தித் திருப்பி அனுப்புகிற வழியாகத்தான் முடிகிறது. எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடு. மற்ற வீடுகளிலும் அந்தச் சத்தம் கேட்கிறது. சாட்சி சொல்ல ஏன் ஒருவரும் வரவில்லை என்று கேட்டீர்களே, அவர்கள் எல்லோருக்கும் அந்த 81 கதை அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது.

பிறகு விஷயத்தை மத்தியஸ்த சபைக்கு அனுப்பினீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். உண்மையில் அதுதான் எங்களுக்குக் கிடைத்த நல்ல நாள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. வார இறுதியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் கூடியது. சட்டத்தரணிமார் வந்து வாதாட இடமில்லை. மத்தியஸ்தராக நான் ஒருவரைத் தெரிவுசெய்தேன், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைத் தெரிவுசெய்தார், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் இருந்து கதைத்தோம். அவர்கள் முதலில் கேட்டது, "பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் இருக்கோ?" என்றுதான். இரண்டாவது முறைப்பாட்டின் இலக்கத்தைக் கொடுத்தேன். "இது இப்ப ரெண்டு கிழமைப் பிரச்சினை, அவா கிணத்துக்காகக் கதை கட்டுறா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். முதல் இரவு எழுதப்படவில்லை. அதனால் பங்குனி மாதமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. என் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். மூவரில் மூத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாக, அவசரப்படாமல் வாசித்தார். அறையில் ஒருவரும் கதைக்கவில்லை.

அந்த அமைதியில்தான் பக்கத்து வீட்டுக்காரர் முதல்முறையாக மனம் திறந்து கதைத்தார். கடன் எடுத்துத்தான் பெட்டிகள் வாங்கியதாம். ஒரு கலியாண வீட்டில் ஒரு பெட்டி வேலை செய்யாமல் போய், பேசிய காசில் பாதிதான் கிடைத்ததாம். அதனால்தான் இரவே சோதித்துப் பார்ப்பதாம். எனக்கு அது தெரியாது. என் அம்மா படுக்கையில் என்ன கேட்பார் என்று அவருக்கும் தெரியாது. சோதிக்கிறதைப் பகலில் வைத்துக்கொள்வதாகவும், இரவில் பெட்டிகளை இறக்கி வைப்பதோடு நிறுத்துவதாகவும் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். இன்றுவரைக்கும், இரண்டு இரவுகளைத் தவிர, அந்தச் சொல்லில் நிற்கிறார். அதையும் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கிணற்றுக்கு மட்டும் அவர் இணங்கவில்லை. இணக்கமின்மைச் சான்றிதழ் தந்தார்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழியும் கிணறும் போன்ற பாத்தியதைப் பிணக்குகளுக்கும் பொருந்தும் என்று சட்டத்தரணி சொன்னார். அமைதி குலையக்கூடிய பிணக்கு என்றால் அந்தப் பிரிவில் பொலிசாரே நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுக்கலாம். நீங்கள் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவரும் சத்தியக்கடதாசியோடு போகலாம் என்பதால் நானே போனேன். உறுதியும், தண்ணீர் தந்த அக்காவின் சத்தியக்கடதாசியும், தமிழில் எழுதிய அந்த வாக்குமூலமும் போதுமாக இருந்தன. இடைக்காலக் கட்டளை வந்து தகரம் கழன்றது. காணி யாருடையது, பங்கு எவ்வளவு என்று முடிவாகத் தீர்க்கிறது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை, அவர் விரும்பினால் அங்கே போகட்டும். எனக்கு வேண்டியது தண்ணீர்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. இரவில் ஒரு ஜீப்பும் நான்கு பேரும் இருப்பீர்கள். வாள்வெட்டு, போதைப்பொருள், வீதி விபத்து என்று ஒரே நேரத்தில் அழைப்பு வரும். வேலிச் சண்டைக்குப் பொய் முறைப்பாடு கொண்டுவருகிறவர்களையும் கண்டு அலுத்திருப்பீர்கள். ஆனாலும் எழுதுவதற்கு ஜீப் தேவையில்லை. பொய்யா மெய்யா என்பதும் எழுதிய பிறகுதான் தெரியவரும். எழுதுங்கள், வந்தவர் பேசும் மொழியில் எழுதுங்கள், வாசித்துக் காட்டுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள். மத்தியஸ்த சபைக்கு அனுப்புவதென்றால் அந்த இலக்கத்தோடு அனுப்புங்கள். பத்து மணிக்குப் பிந்திய ஒலிபெருக்கி என்றால், ரோந்து போகிற வழியில் அந்தப் படலைக்கு முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஒழுங்கை முழுதுக்கும் தொல்லை என்று கண்டால், பொதுத் தொல்லைக்கு என்றே நீதவானுக்குக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இருக்கிறது, அதை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள்.

நாங்கள் இன்னும் அதே அயல்தான். காலையில் கிணற்றடியில் அவருடைய மனைவியும் நானும் சந்திக்கிறோம். முதல் கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது நான் மோட்டரைப் போட்டுவிட்டு நிற்கும்போது, "அம்மா எப்படி அக்கா?" என்று கேட்கிறார். அதனால்தான் இந்த மடலின் அடியில் என் பெயரை எழுதவில்லை.

இன்றிரவும் உங்கள் நிலையங்களில் ஏதோ ஒன்றின் வாசலில் ஒருத்தி ஓட்டோவில் வந்து இறங்குவாள். அவளைக் கதிரையில் இருத்தி, முதலில் பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு கதைக்கலாம்.

நன்றியுடன்,
ஒழுங்கைக் கடைசி வீட்டில் இருந்து